புகை வராத புகைக்கூண்டு

எங்கள் வீட்டுக்கு இரண்டு புகைக்கூண்டு. சுங்காய் ஊருக்கு வெளியே எங்கள் செம்மண் சாலையில் வருகிறவர்கள் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "இது என்ன வீடா, கித்தா ஷீட்டு காயப்போடுற புகைவீடா?" என்று கேட்டிருக்கிறார்கள். கித்தா என்றால் ரப்பர். கிழக்கே இருப்பதில் அடைமழையிலும் புகை போகும். மேற்கே இருப்பதில் இந்த நாள்வரை ஒரு நூல் புகைகூடப் போனதில்லை. அதற்கு நேர் கீழே என் தையல் மெஷின் நிற்கிறது. எப்போதாவது ஒரு மைனா அதன் வழியாக இறங்கி வந்து, தைத்துவைத்த துணிமேல் எச்சமிட்டுப் போகும். கேட்கிறவர்களிடம் என் வீட்டுக்காரர், "அது அழகுக்கு வெச்சதுலா" என்று சொல்லிச் சமாளிப்பார். அழகும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அவர் பேசிய மலாய் அப்படி வளர்ந்து நிற்கிறது.

எழுபதுகளின் நடுவில் எங்கள் தோட்டத்தில் கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடத் தொடங்கினார்கள். நான் பத்து வருடமாகப் பால் வெட்டிய நிரை ஒரே வாரத்தில் வெறுந்தரை ஆயிற்று. நான் அழுதிருப்பேன் என்று சிலர் நினைக்கிறார்கள். அழவில்லை. விடியுமுன் கொசுக்கடியில் பெரட்டு வரிசையில் நின்று, மேஸ்திரித் தண்டலிடம் பேர் கொடுத்து, முந்நூறு மரத்துக்குக் குனிந்து நிமிர்ந்தவளின் இடுப்புக்குத் தெரியும், அது அழவேண்டிய விஷயமா என்று. அந்தச் சமயத்தில்தான் பக்கத்திலிருந்த ஒரு சின்னத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். என் வீட்டுக்காரர் கேமரன் மலைக் காய்கறியைத் தாப்பா வழியாக ஈப்போவுக்கு இறக்கும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு அந்த நிலத்துக்குள் ஒருநாள் நடந்து பார்த்தவர், அன்று சாயங்காலம் காலில் சேற்றோடு வந்து, "நம்ம வீடு அங்கதான்" என்றார். தோட்டத்து வரிசைவீடான லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்த மனிதர் வாயில் "நம்ம வீடு" என்று வந்தது எனக்குப் புதிதாக இருந்தது.

வீடு ஐந்து பேருக்கு. நாங்கள் இருவர், மகளும் மகனும், ஐந்தாவது அக்கா. அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. தோட்டத்து ஆயக்கொட்டகையில் ஆயா வேலை. நாங்கள் எல்லாரும் பால் வெட்டப் போனபிறகு எங்கள் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவர் அவர்தான். அவருக்குப் பிள்ளை இல்லை. அவர் புருஷன் காய்ச்சலில் போனபோது அக்காவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. காரியம் முடிந்த மறுநாள் பார்க்கிறேன், அடுத்த வீட்டில் தனியாக ஒரு பிடி அரிசியை உலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து என் அடுப்பில் வைத்தேன். பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து பதினோரு வருடம் இரண்டு வீட்டுக்கும் ஒரே உலை. உப்புக்கு ஒரு சண்டை, புளிக்கு ஒரு சண்டை, அது பாட்டுக்கு நடக்கும். உலை ஒன்றுதான்.

அடுத்த வருடத்தோடு அக்காவுக்கு வேலை முடிகிறது. தோட்டத்தில் வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் விட்டுவிட வேண்டும். ஹுத்தான் மெலிந்தாங்கில் மீனுக்கு ஐஸ் செய்யும் ஆலையில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி, "என்கிட்ட வந்துரு" என்று எழுதியிருந்தார். அக்கா கடிதத்தை என்னிடம் காட்டிவிட்டு, "மீன் கவுச்சியில நான் எங்க இருக்கிறது? நம்ம வீடுதான் இருக்கே" என்றார். அந்த "நம்ம"வைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. வெளியே, "வந்து எல்லாத்தையும் அதிகாரம் பண்ணலாம்னு பாக்குறீங்க" என்றேன்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வீட்டை வரைந்தோம். அவருக்கு முன்னால் லாரி திரும்பும் இடம் வேண்டும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஜன்னல். அக்கா, "எனக்கென்ன, ஒரு பாய் விரிக்க எடம் போதும்" என்று சொல்லிவிட்டு, அறைக்கதவு எந்தப் பக்கம் திறக்கணும், துணி காயவைக்கும் கம்பி எங்கே வரணும், அடுப்பு எந்த மூலையில் இருக்கணும் என்று இருபது கட்டளை போட்டார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஆசை. நின்று சமைக்க வேண்டும். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணியார் வீட்டு அம்மா இடுப்பு உயரத்துக்குச் சிமெண்டு மேடை கட்டி, அதன்மேல் கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டு, காதில் தோடு ஆட நின்றபடி தோசை சுடுவதைப் பார்த்த நாளிலிருந்து அந்த ஆசை. காடு முழுக்கக் குனிகிறவள் வீட்டிலும் எதற்குக் குனியவேண்டும்?

அக்காவுக்குக் கேஸ் என்றாலே பயம். "அந்த கேஸ் தோங் வெடிச்சா ஓட்டுக்கூரை ஈப்போவுக்குப் போயிரும்டி" என்பார். விறகில் வேகாத சோறு சோறே இல்லை என்பதும் அவர் கட்சி. ஆகவே நான் ஒரு யோசனை சொன்னேன். அடுப்படியைப் பெரிதாகக் கட்டுவோம். ஒரு பக்கம் அக்காவுக்கு விறகடுப்பு, எதிர்ப்பக்கம் எனக்கு மேடை. அவர் சோறு வடிக்கட்டும், நான் குழம்பு வைக்கிறேன், முதுகுக்கு முதுகு நின்று சண்டை போட்டுக்கொள்ளலாம். அக்கா சிரித்துவிட்டார். படத்தில் வீட்டின் பின்பக்கம் முழுவதும் ஒரு பெரிய கட்டம் போட்டு, அதற்குள் இரண்டு வட்டம் போட்டோம்.

வீடு கட்ட வந்தவர் ஒரு சீன ஆசாரி. காதில் பென்சில், வாயில் அணைந்துபோன சுருட்டு, பழைய சைக்கிளின் பின்னால் ரம்பம். கை சுத்தம். பலகையைத் தட்டிப் பார்த்தே உள்ளே பூச்சி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி மலாய் தெரியும். என் வீட்டுக்காரர் படத்தை விரித்துவைத்து, வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "சத்து டாப்பூர் காயூ, சத்து டாப்பூர் கேஸ்." ஒரு விறகடுப்பு, ஒரு கேஸ் அடுப்பு. அவர் மனதில் அதுதான்.

ஆசாரி பென்சிலால் காதைச் சொறிந்தார். "டுவா டாப்பூர்?" இரண்டா?

"யா, டுவா டாப்பூர்."

ஆசாரி என்னைப் பார்த்தார், அப்புறம் துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். ஏதோ புரிந்தமாதிரி மெல்லச் சிரித்து, என் வீட்டுக்காரர் தோளில் தட்டி, "பாண்டாய்லா" என்றார். கெட்டிக்காரன் என்று அர்த்தம். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் பக்கத்தில்தான் காப்பித் தம்ளரோடு நின்றேன். மலாயில் அடுப்புக்கும் டாப்பூர்தான், அடுப்படிக்கும் டாப்பூர்தான். வாழ்நாள் முழுக்க இரண்டுக்கும் அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டிருக்கிறேன். அந்த நிமிஷம் எனக்கும் உறைக்கவில்லை. பழியை முழுசாக அவர்மேல் போட்டுவருவது என் வழக்கம், ஆனால் எழுதும்போது உண்மையை எழுதவேண்டும்.

வீடு வளரும்போது பார்க்கிற சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லாரியின் முன்சீட்டில் எல்லாரும் நெருக்கிக்கொண்டு போவோம். வெறும் கம்பங்கள் நட்டிருந்த நாளிலேயே பிள்ளைகள், "இது என் ஜன்னல், இது உன் ஜன்னல்" என்று காற்றைப் பங்குபோட்டுச் சண்டை பிடித்தார்கள். சரளை மேட்டில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். ஆசாரிக்கும் ஒரு இலையில் வைத்தால், ஊறுகாயை மட்டும் ஓரமாகத் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவார். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து இவர் லாரி தாப்பாவில் நாள்கணக்கில் நின்றது. ஆறேழு வாரம் நாங்கள் யாரும் போகவில்லை. இவர் மட்டும் இரண்டு தடவை வழியில் எட்டிப் பார்த்தார். அவர் பார்த்ததெல்லாம் லாரி நிற்கப்போகும் இடத்தைத்தான்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை அக்கா எலுமிச்சம்பழமும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு வந்தார், அடுப்படிக்குக் காட்ட. கூரை போட்டாயிற்று. அரை உயரம் கல்சுவர், அதற்குமேல் பலகை, எல்லாம் கச்சிதம். நான் முன்னறையில் ஜன்னலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அக்கா நேராகப் பின்னால் போனார். எதையும் பார்த்தவுடன் குறை சொல்கிற மனுஷி எப்படிச் சும்மா இருக்கிறார் என்று போய்ப் பார்த்தேன்.

பின்பக்கம் ஒரு நடை, குளிக்கிற அறைக்குப் போகிற வழி. அந்த நடைக்கு வலப்பக்கம் ஒரு அடுப்படி, இடப்பக்கம் ஒரு அடுப்படி. தனித்தனிக் கதவு, தனித்தனி ஜன்னல், தனித்தனிப் புகைக்கூண்டு. ஒன்றில் தரையோடு விறகடுப்பு, மற்றதில் இடுப்பு உயரத்துக்கு வழவழவென்று சிமெண்டு மேடை. அக்கா நடையில் நின்று இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எலுமிச்சம்பழம்.

"இதுதான் எனக்கா?" என்று விறகடுப்பைக் காட்டிக் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் சனத்தில் ஒரு குடும்பம் உடைந்துபோனால், உடைந்தது என்று சொல்லமாட்டோம். "அடுப்பைப் பிரிச்சிட்டாங்க" என்போம்.

"ஐயோ அக்கா, இல்ல. மலாய்ல அடுப்புக்கும் அடுப்படிக்கும் ஒரே பேரு. இவரு சொன்னத அவன் தப்பா எடுத்துக்கிட்டான்..." சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. வீடு கட்டும் அளவு விவரமுள்ள ஆசாரிக்கு ஒரு அடுப்படிக்கும் இரண்டு அடுப்படிக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டதாம்!

"நீங்க சொன்னா சரிதான்" என்றார் அக்கா. "தனித்தனியா இருந்தா நல்லதுதானே. ஒருத்தர் உப்ப ஒருத்தர் கொறை சொல்ல வேணாம்."

நீங்க. கல்யாணமாகி வந்த நாள்முதல் என்னை "ஏன்டி", "வாடி" என்றே கூப்பிட்டவர். செவிட்டில் ஒன்று வைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கற்பூரத்தை ஏற்றாமலேயே போய் லாரியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் ஆசாரியைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த மலாயையெல்லாம் கொட்டினேன். தெரியாத இடத்தில் தமிழில் திட்டினேன். பாவம், அவர் முகம் வாடிவிட்டது. தன் வீட்டிலும் இரண்டு மருமகள்களுக்கு இரண்டு அடுப்படி கட்டிக்கொடுத்திருப்பதாகவும், அதனால் வீடு அமைதியாக இருப்பதாகவும் சொன்னார். இரண்டு பெண்கள் ஒரே அடுப்படியில் நின்றால் தினமும் சண்டை வருமாம். எங்களுக்கு நல்லது செய்ததாகவே அவர் நம்பிக்கொண்டிருந்தார். நடையோரச் சுவர்களை எடுத்துவிடேன் என்றால், கூரையின் பெரிய உத்தரமே அவற்றின்மேல்தான் நிற்கிறது என்று தட்டிக் காட்டினார். என் வீட்டுக்காரர் சற்றுத் தள்ளி நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் லயத்தில் அக்கா வீட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. பதினோரு வருடத்துக்குப் பிறகு தன் பழைய அடுப்பைப் பற்றவைத்திருந்தார். என் பிள்ளைகள் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுக் கொழுத்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர் அண்ணியிடம் போய், "அண்ணி, என் மேலதான் தப்பு" என்று நாலைந்து தடவை சொன்னார். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல தம்பி" என்று நாலைந்து தடவையும் பதில் வந்தது. அடுத்த மாதம் அக்காவின் தம்பிக்குக் கடிதம் போயிற்று. பால் காய்ச்சும் நாளுக்கு வந்துவிட்டு, அங்கிருந்தே அக்கா ஹுத்தான் மெலிந்தாங்குக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. வேலை முடியுமுன்பே தோட்டக் கணக்கிலிருந்து பேரை வெட்டிக்கொண்டார்.

போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது வரவில்லை. நான் செய்யாத தப்புக்கு நான் ஏன் கெஞ்சவேண்டும் என்று ஒரு வீம்பு. ஆனால் பெரட்டுக்குப் போகிற வழியில் அவர் வீட்டைத் தாண்டும்போது, உள்ளே அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பேன். அம்மாவை இளம்வயதில் பறிகொடுத்தவள் நான். எனக்கு என்று அதட்ட ஒரு ஆள் இருந்தது அவர்தான். எனக்கு அவர் வேண்டும். இதை இப்போது எழுத வருகிறது, அப்போது சொல்ல வரவில்லை.

பால் காய்ச்சுவதற்கு இரண்டு நாள் முன்பு வீடு கழுவப் போனேன். எல்லாம் கழுவிவிட்டு, மேற்குப் பக்கத்து அடுப்படிக்கு வந்து அந்த மேடைமுன் நின்றேன். என் இடுப்புக்குச் சரியான உயரம். அளவெடுத்துக் கட்டியதைப் போல. கையால் தடவிப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அதன்மேல் கேஸ் அடுப்பை வைத்தால் எப்படி இருக்கும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டேன். பிறகு வெளியே போய் ஆசாரியின் சம்மட்டியை எடுத்துவந்து இடித்தேன். முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மனிதர் வேலை அப்படி. பத்துப் பதினைந்து அடிக்குப் பிறகு ஒரு மூலை பெயர்ந்தது, அப்புறம் விட்டேனா! சத்தம் கேட்டு ஓடிவந்த ஆசாரி வாசலில் நின்று, சிதறிய கல்லைப் பார்த்து, "சாயாங்லா" என்றார். வீணாய்ப் போச்சே என்று அர்த்தம். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

பால் காய்ச்சும் நாள் விடியற்காலையிலேயே சனம் வந்துவிட்டது. தாப்பாவிலிருந்து என் அத்தை வந்திருந்தார். அக்கா வெள்ளைப் புடவையில், முன்பக்கமே வராமல், புருஷன் இல்லாதவர்கள் நிற்பதைப் போலப் பின்வாசல் குழாயடியில் ஒதுங்கி நின்றார். அவர் தகரப்பெட்டி ஏற்கெனவே டாக்சிக் கூரைமேல் ஏறியாயிற்று. அவர் தம்பி டாக்சிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

நான் கிழக்குப் பக்கத்து விறகடுப்பில் பானையை வைத்தேன். வாழ்நாள் முழுக்க விறகில் சமைத்தவள்தான், ஆனால் அந்த அடுப்பு எனக்குப் பிடிகொடுக்கவில்லை. புதுச் சிமெண்டு ஈரம், புகை மேலே ஏறாமல் முகத்துக்குத் திரும்பியது. ஊதினேன், இருமினேன், காகிதத்தைக் கொளுத்திப் போட்டேன். சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். பால் பச்சையாகவே நின்றது.

"இது தோதுப்படலன்னா அந்தப் பக்கத்து அடுப்புல வையேன். ரெண்டு அடுப்படி கட்டியிருக்கியே" என்றார் அத்தை.

"அங்க அடுப்பு இல்ல அத்தை."

குழாயடியிலிருந்து அக்கா நிமிர்ந்து பார்ப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மெல்ல நடந்து மேற்குக் கதவில் எட்டிப் பார்த்தார். உள்ளே தரையில் வெறும் சிமெண்டுத் தழும்புதான் இருந்தது.

"இங்க இருந்த மேடை எங்க?" என்று என் மகளிடம் கேட்டார்.

"அம்மா ஒடைச்சிட்டாங்க, பெரியம்மா. சம்மட்டியால. கையெல்லாம் கொப்புளம்."

அப்புறம் நடையில் காலடி கேட்டது. நான் திரும்பவில்லை. புகையில் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது, அது புகையால் மட்டும் இல்லை.

"தள்ளுடி" என்றார் அக்கா. "பச்ச வெறக இப்படி அடுக்கினா எவன் அடுப்பு எரியும்?"

அத்தை குறுக்கே வந்தார். "நீ கைவெக்கக் கூடாதும்மா. நல்ல காரியம், சுமங்கலிதான்..."

"அத்தை, அது அவங்க அடுப்பு" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது. "அவங்கதான் பத்தவெக்கணும். இந்த வீட்ல வேற அடுப்பு கிடையாது."

அத்தை ஒதுங்கி வழிவிட்டார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. உட்கார்ந்து, நான் அடைத்துவைத்திருந்த விறகையெல்லாம் வெளியே இழுத்துப்போட்டு, இரண்டே இரண்டை மட்டும் உள்ளே சொருகி, ஜன்னலைச் சாத்தச் சொன்னார். ஒரே ஊது. புகை சுழன்று, ஒரு நிமிஷம் யோசித்து, மேலே ஏறிப் போயிற்று. பால் பொங்கி மூன்று பக்கமும் வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள், அத்தையும் சேர்ந்துதான். அக்கா சட்டென்று இன்னொரு பானையை வாங்கி, அரிசியையும் வெல்லத்தையும் எடுத்துவரச் சொல்லி என்னை விரட்ட ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் தம்பி நடையில் வந்து நின்றார். கையில் செருப்பு. உள்ளே வரத் தயங்கினார்.

"அக்கா, டாக்சிக்காரன் கூப்பிடுறான். போலாமா?"

அக்கா பொங்கலைக் கிண்டிக்கொண்டே, திரும்பாமல், "இருய்யா, இப்ப எறக்கிருவேன்" என்றார். "உன் புள்ளைங்களுக்கும் கொஞ்சம் கட்டித் தாரேன். நீ சாப்ட்டுட்டுப் போ."